சுத்துறதெல்லாம் களை

ஆனைக்குழி என்ற ஊரில் ஒண்டிமுத்து, சடையாண்டி, கொண்டல்சாமி என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்வார்கள். அதுதான் அவர்களிடம் இருந்த ஒரே கோளாறு.

சீனியம்மாளின் கத்தரித் தோட்டத்தில் தாளிக்கொடி ஏறிவிட்டது. டவுனில் இதையே பால்கனியில் கயிறு கட்டிப் படரவிட்டு, ஊதாப் பூவைப் பார்த்தபடி காபி குடிப்பார்கள். தோட்டத்தில் ஏறினாலோ செடியின் கழுத்தை நெரித்துவிடும். மகள் கல்யாணப் பந்திக்கு அந்தக் கத்தரிக்காயைத்தான் சீனியம்மாள் மலைபோல நம்பியிருந்தாள்.

பத்திரிகை வைக்க வெளியூர் கிளம்பும்போது மூவரையும் கூப்பிட்டுச் சொன்னாள்: "நட்டுக்க நேரா நிக்கிறது கத்தரி. சுத்திக்கிட்டு இருக்கிறது களை. சுத்துறது எதுவா இருந்தாலும் வரப்புக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டுருங்கப்பா."

மூவரும் கொடியின் முன்னால் குந்தி, மதியம் வரை கண்கொட்டாமல் பார்த்தார்கள்.

"இது எங்கண்ணே சுத்துது? போட்டது போட்டபடி கிடக்கு," என்றான் கடைசித் தம்பி கொண்டல்சாமி.

"பாவம், அதை விட்டுரு," என்றான் மூத்தவன் ஒண்டிமுத்து.

அந்நேரம் ஓர் ஆடு சுற்றிக்கொண்டு வந்தது. தூக்கிப் போட்டார்கள். ஆட்டைத் தேடிச் சுற்றிய பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் போட்டார்கள். அவர் வாயில் வந்தபடி திட்டினார்.

"களைக்கு வாயைப் பாரு," என்று சடையாண்டி வருத்தப்பட்டான்.

வேறு எதுவும் சுற்றுகிறதா என்று பார்க்க, அவனே தோட்டத்தை ஒரு சுற்று வந்தான். அண்ணனும் தம்பியும் அவனையும் தூக்கிக்கொண்டு சுற்றிப் போய் வெளியே போட்டார்கள்.

விழுந்த இடத்திலிருந்தே அவன் நிதானமாகக் கேட்டான்: "என்னையத் தூக்கிக்கிட்டு நீங்களும்தானே சுத்துனீங்க?"

நியாயமான கேள்வி. ரொம்ப நேரம் யோசித்தார்கள். களை ஆகாமல் தப்பிக்க ஒரே வழி, மூவரும் தோட்டத்து நடுவில் நட்டுக்க நின்றுவிடுவது என்று முடிவானது. நின்றார்கள்.

மழை பெய்தது. கொடிக்குக் கொண்டாட்டம். கத்தரியை மொத்தமாக மூடிவிட்டு, இவர்கள் கால் வழியே ஏறியது. எட்டாம் நாள் காலையில் மூன்று தலையிலும் ஊதாப் பூ.

"அண்ணே, கத்தரிப் பூவும் ஊதாதானே?" என்றான் கொண்டல்சாமி.

"ஆமாடா. நட்டுக்க நிக்கிறோம். பூவும் வச்சாச்சு," என்றான் ஒண்டிமுத்து.

மூவருக்கும் பெருமை தாங்கவில்லை.

அன்றைக்குத்தான் சீனியம்மாள் திரும்பினாள். தோட்டத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "பாவிகளா, பந்திக்கு நான் எந்தக் கத்தரிக்காயை ஆக்கிப் போடுவேன்?" என்று அழுதாள்.

"கலங்காதீங்கக்கா," என்றான் ஒண்டிமுத்து, அசையாமல். "ஒரு வாரத்துல காய்ச்சிருவோம். எண்ணெய்க் கத்தரிக்காய்க்குக் கடைசித் தம்பியப் பறிச்சுக்குங்க, இளசு. நான் கொஞ்சம் முத்தல், சாம்பாருக்குத்தான் ஆவேன்."