புலிக்காட்டில் ஒரு காசுக் கம்பம்

முன்னொரு காலத்தில் (மின்சாரத் தேர் ஓடிய காலம் எது என்று குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது) ஒரு ராஜா இருந்தார். அவர் நாட்டில் தேருக்கு சார்ஜ் ஏற்றும் கம்பங்களை வழிநெடுக நட்டு, குடிகள் பிழைத்து வந்தார்கள். தளவாய் ஒருநாள் ராஜாவின் காதைக் கடித்தார். உடனே பறை அறைந்தார்கள்: "சார்ஜுக்கு ஒரு காசுக்கு மேல் வாங்குபவரை யானை இடறும்."

ஊர் வாழ்த்தியது. கொஞ்ச நாளில் கம்பம் எல்லாம் பூட்டிக் கிடந்தது.

விகடகவி பிச்சாண்டியைக் கண்டால் தளவாய்க்கு ஆகாது. "அரசே, தங்கள் பயணத்துக்குக் கம்பம் ஏற்பாடு செய்யும் பொறுப்பைப் பிச்சாண்டியிடம் கொடுங்கள். தவறினால் யானை இருக்கிறது" என்றார்.

"அப்படியே ஆகட்டும். புலிக்காட்டின் நடுவே கம்பம் ஒன்று நிற்க வேண்டும்" என்றார் ராஜா.

பிச்சாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் யானை மணி கேட்டாலே தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அந்தக் காட்டில் கம்பம் வைத்திருந்த வீராயியைத் தேடிப்போய், பயண நாளில் மட்டும் அங்கே இருக்கும்படி கெஞ்சினான்.

பயண நாளும் வந்தது. தேரில் ராஜா, தளவாய், பிச்சாண்டி மூவரும்தான். பொழுது சாயும் நேரம், காட்டின் நடுவே சார்ஜ் தீர்ந்து தேர் நின்றது. பக்கத்தில் கம்பமும் நின்றது. ஆனால் அதன் பெட்டிக்குப் பூட்டு. சாவி வீராயியின் இடுப்பில், வீராயி உயரமான பரண்மேல்.

எங்கோ புலி உறுமியது. தளவாய் தேருக்கு அடியில் புகுந்துகொண்டார்.

"பிச்சாண்டி, என்ன இது?" என்றார் ராஜா.

பிச்சாண்டிக்குப் பல் தந்தியடித்தது. "கம்பம் நிற்க வேண்டும் என்றீர்கள், அரசே. நிற்கிறது. திறந்திருக்க வேண்டும் என்று ஆணை இல்லையே."

ராஜா மேலே பார்த்தார். "பெண்ணே, இறங்கி வந்து திற."

"ஒரு காசு வாங்கினா கம்பி போட்ட கடனுக்கு வட்டி கட்டவே காணாது சாமி. மேல வாங்கினா யானை இடறும். எனக்குப் புலியே தேவலை."

உறுமல் நெருங்கியது. "பாதி ராஜ்யம் தருகிறேன்" என்றார் ராஜா.

பிச்சாண்டி கைகூப்பினான். "அரண்மனையில் ஒரு காசு, புலிக்காட்டில் பாதி ராஜ்யம். முதல் விலைக்குக் கம்பம் நடுபவன் இல்லை. இந்த விலைக்குத் தேர் ஓட்டுபவன் இல்லை. நடுவில் ஒன்று சொல்லுங்கள், அரசே. நட்டவருக்குப் போட்ட முதல் திரும்பவேண்டும், கஞ்சிக்கும் மிஞ்சவேண்டும். ஆளில்லாக் காட்டுக்குக் கொஞ்சம் கூடுதல்."

"அதுவே இனி என் ஆணை."

சாவி கீழே விழுந்தது.

காடு தாண்டிய பிறகுதான் ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு அடங்கவில்லை. "தளவாயே, ஒரு காசு போதும் என்றவர் நீர்தானே? புலிக்காட்டில் வீராயிக்கு அடுத்த கம்பத்தை நீர் நட்டு நடத்தும். விலை ஒரு காசு" என்றவர், தன் முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டிக்குப் போட்டார்.

பிச்சாண்டி மாலையைத் தொடவில்லை. முதலில் தலை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டான்.