வாயும் இல்லை, வயிறும் இல்லை

கடற்கரை ஊர் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் மீன் வெட்டிக் கொடுக்கும் வேலை மிக்கேலம்மாளுக்கு. மீன் குடலில் கிடைக்கும் உருளைப்புழுக்களை இனம் பிரிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பார் இயக்குநர் சதானந்தம்.

ஒருநாள் சீலா மீனின் வயிற்றில் வெள்ளையாக, மெல்லிசாக ஒன்று கிடைத்தது.

"இதுக்கு வாயும் இல்ல, வயிறும் இல்ல. உலகத்துக்கே புது இனம்! என் பேரையே வைக்கப்போறேன்" என்று குதித்தார் இயக்குநர்.

"சார், அது புழுதானான்னு..." என்று இழுத்தாள் மிக்கேலம்மாள்.

"மீன் வெட்டுறவ எனக்கே பாடம் எடுக்கிறியா? நாளைக்கு நிபுணர் குழு வருது. அதுக்குள்ள இதே மாதிரி இன்னொண்ணு கொண்டுவா. இல்லேன்னா வேலைக்கு வராதே!"

மறுநாள் குழுவின் முன்னால் அவள் சாக்குப்பையோடு வந்து நின்றாள்.

"கிடைச்சுதா?"

"குடும்பத்தோடயே கூட்டிட்டு வந்திருக்கேன் சார்."

பையைக் கவிழ்த்தாள். மேசைமேல் ஒரு நைலான் வலை விழுந்தது.

குழுத் தலைவி சீசாவிலிருந்த 'புழு'வைத் துடைத்து நெருப்பில் காட்டினார். அது பிளாஸ்டிக் நாற்றத்தோடு உருகிச் சொட்டியது. குழுவே சிரித்தது. இயக்குநர் காலி சீசாவை மேசைக்கு அடியில் தள்ளினார்.

மிக்கேலம்மாள் வலையைச் சுருட்டினாள்.

"இதுக்கும் பேரு வெச்சிராதீங்க சார். எங்க வீட்டுக்காரரு விடியக்காலம் கடலுக்குப் போகணும்."