ஈயத்தாள் பாலமும் கருமணலும்

மலைக்காட்டு ஓடையின் குறுக்கே, யாரோ வீசிப்போன தேயிலைப் பெட்டியின் ஈயத்தாள் ஒன்று பாலமாகக் கிடந்தது. எறும்புகள் அதன் மேல் தங்கள் முட்டைகளை அக்கரைக்குத் தூக்கிக்கொண்டு போயின. வெள்ளம் புற்றின் வாசலுக்கே வந்துவிட்டது!

விடியற்காலைக் குளிரில் அந்த எறும்புகள் ஜோடி சேர்ந்துவிடும். ஒன்று முன்னோக்கி நடக்கும். மற்றது அதன் முகம் பார்த்தபடி பின்னோக்கி நடக்கும். நடுவில் முட்டை. இடறலும் கிடையாது, களைப்பும் கிடையாது. வெயில் ஏறினால் போச்சு! ஜோடிகள் கலைந்து, ஆளாளுக்கு முட்டி மோத ஆரம்பித்துவிடும்.

கரையில் திரிந்த பொன்வண்டு ஒன்றுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பாலத்தை அழகுபடுத்துகிறேன் என்று வெள்ளை மணலைத் தூவியது. ஜோடிகள் அதைச் சட்டை செய்யவே இல்லை, தாண்டிப் போயின. வண்டுக்கு உற்சாகம் தலைக்கேறியது. அடுத்து, மினுமினுக்கும் கருமணலை அள்ளி வந்தது.

தலைமை எறும்பு பதறி ஓடி வந்தது. "அண்ணே, அது காந்த மணல். வேண்டாம்!"

"வெள்ளை மணலால் என்ன கெட்டுப்போச்சு? மணல் எல்லாம் மணல்தானே!" என்று சொல்லித் தூவியே விட்டது வண்டு.

அவ்வளவுதான்! எறும்புகளின் தலைக்குள் திசை சொல்லும் உணர்வு ஒன்று உண்டு. காந்த மணல் அதைப் பிடித்து இழுத்தது. எதிரெதிராக நின்ற இரண்டும் ஒரே பக்கம் திரும்பின. பிடி நழுவியது. முட்டைகள் உருண்டு ஓடையில் விழுந்தன. பருத்த மரக்கட்டையாக இருந்தால் பக்கவாட்டில் இறங்கிச் சுற்றிப் போயிருக்கலாம். மெல்லிய தாளில் ஒதுங்க இடம் ஏது?

பாவம், வண்டு கெட்டது நினைக்கவில்லை. அவசர அவசரமாகக் கருமணலைப் பொறுக்கி எறிந்தது. நடுப்பாலத்தில் ஒரே ஒரு துகள் மிச்சம். ஒன்றுதானே, என்ன செய்துவிடும் என்று அதை விட்டுவிட்டுக் கரையேறியது.

கடைசி ஜோடி புறப்பட்டது. அவை தூக்கி வந்தது, நாளைய ராணி பிறக்க வேண்டிய முட்டை. நடுப்பாலத்தில் இரண்டு தலைகளும் மெல்லத் திரும்பின. முட்டை சாய்ந்தது!

வண்டு பறந்து பாய்ந்தது. துகளைக் கவ்விக்கொண்டு தொப்பென்று ஓடையில் விழுந்தது. ஒரு வேரைப் பற்றி அக்கரையில் ஏறிப் பார்த்தால், முட்டையோடு அந்த ஜோடி மறுபடி முகம் பார்த்தபடி வந்து சேர்ந்திருந்தது.

சேர்ந்து நடப்பவர்களைச் சாதாரணத் தடைகள் நிறுத்துவதில்லை. அவர்களைப் பிரிக்கும் ஒன்றையோ, அது எத்தனை சிறிதானாலும், நடுவில் விட்டுவைக்கக் கூடாது.