மொட்டைத் திடலை விட்டுக்கொடுக்காத ஆள்காட்டி

துடுக்கி என்ற ஆள்காட்டிக் குருவிக்கு மரத்தில் உட்காரத் தெரியாது. அதன் மஞ்சள் கால்கள் தரையில் ஓடுவதற்கென்றே நீண்டு வளர்ந்தவை. கிளையைப் பற்றிக்கொள்ளப் பின்விரல் வேண்டும். துடுக்கிக்கு அது பெயருக்குத்தான் இருந்தது. அப்படிப்பட்ட பறவை குடியிருந்ததோ, ஒரு மலையடிவாரத்துப் பெரிய மரத்தோட்டத்தில்.

தோட்டத்தின் பெயர் நிழற்சோலை. கரும்பாறை என்ற பெண் யானை அதை உண்டாக்கியது. தான் பிறந்த காடு தீயில் அழிந்த பிறகு, கரும்பாறை இங்கே வந்து முதல் நாவல் கன்றை நட்டது. பிறகு இலுப்பை, மருதம், வேங்கை என்று நட்டுக்கொண்டே போனது. காட்டுப்பன்றிகள் குழி தோண்டின. அணில்கள் விதை சேர்த்தன. யானை ஓடைத் தண்ணீரைத் தும்பிக்கையில் கொண்டுவந்து ஊற்றியது.

தோட்டம் வளர்ந்ததும், களைத்துப்போன விலங்குகள் பல ஊர்க் காடுகளிலிருந்தும் ஓய்வெடுக்க வந்தன. காலையில் மரங்களுக்கு நடுவே நடை. வெயில் ஏறியதும் குளத்துச் சேற்றில் குளியல். அப்புறம் சருகு மெத்தையில் தூக்கம். மாலையில் தூக்கணாங்குருவி கூடு பின்னக் கற்றுக்கொடுக்கும். கரடிகள்கூடச் சப்பணமிட்டு உட்கார்ந்து நார் கிழித்துப் பழகும். ஊர் திரும்புமுன் ஒவ்வொரு விருந்தாளியும் ஒரு மரக்கன்று நட்டுவிட்டுப் போக வேண்டும். அது நிழற்சோலையின் வழக்கம்.

தோட்டத்தின் தெற்கு மூலையில் மட்டும் மரமே இல்லை. சரளைக் கல்லும் குட்டைப் புல்லுமாகக் கிடந்த அந்த இடத்தை மொட்டைத் திடல் என்பார்கள். துடுக்கி அங்கேதான் இருந்தது. கோடை மழை பெய்து ஓய்ந்த வாரத்தில், கற்களுக்கு நடுவே அது நான்கு முட்டைகள் இட்டிருந்தது. கல் எது, முட்டை எது என்று பக்கத்தில் வந்து பார்த்தாலும் தெரியாது.

விருந்தாளிகளைக் கவனிக்கும் பொறுப்பு வாலழகன் என்ற குரங்குக்கு. ஒருநாள் காலை அது திடலுக்கு வந்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் காலடி வைத்து அளந்தது.

"என்ன அளக்கிறாய்?" என்று கேட்டது துடுக்கி.

"நல்ல சேதிதான். வடக்கேயும் கிழக்கேயும் இனிக் கன்று நட இடமில்லை. நாளைக்கு ஒரு வெளிமான் தன் மரக்கன்றை நட வேண்டும். அதனால் இந்தத் திடலை எடுத்துக்கொள்கிறோம். முப்பது குழி போடலாம்."

"இங்கே நான் இருக்கிறேன்."

"நீ ஒரு கைப்பிடி இடத்தில் இருக்கிறாய். மீதி சும்மாதானே கிடக்கிறது? மலைமேலிருந்து பார்த்தால் தோட்டத்தில் இந்த இடம் மட்டும் சொட்டை விழுந்த மாதிரி தெரிகிறது. விருந்தாளிகள் என்ன நினைப்பார்கள்?"

"சும்மா கிடக்கவில்லை. நான்கு பக்கமும் எனக்குக் கண்ணுக்கு எட்டிய தூரம் தெரிய வேண்டும். நரி வந்தால் தூரத்திலேயே பார்ப்பேன். மரம் வந்தால் நரி அதன் பின்னால் ஒளியும். காக்கை அதன் மேலே உட்கார்ந்து என் முட்டைகளை எண்ணும்."

"உனக்கு நல்ல கிளையாகப் பார்த்துத் தருகிறேன், அங்கே கூடு கட்டிக்கொள்."

துடுக்கி தன் காலைத் தூக்கிக் காட்டியது. "இந்தக் காலை வைத்துக்கொண்டா?"

வாலழகன் காலைப் பார்க்கவில்லை. அளப்பதை முடித்துவிட்டுப் போய்விட்டது.

துடுக்கி நேராக யானையிடம் பறந்தது. கரும்பாறை ஓர் இலுப்பைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. நடந்ததைக் கேட்டுவிட்டு அன்பாகவே பேசியது.

"மரம் வந்தால் உன் முட்டைக்கு நிழல்தானே துடுக்கி? வெயிலில் நீ படும் பாட்டைப் பார்த்து நானே வருத்தப்பட்டிருக்கிறேன்."

"வெயில் எனக்குப் பழக்கம் அம்மா. வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர வைப்பேன். நிழல் வேண்டும் என்று நான் கேட்டேனா?"

"எந்த விருந்தாளிக்கும் மரம் நட இடமில்லை என்று நான் இதுவரை சொன்னதில்லை. உன் முட்டைகளைச் சுற்றி நாலடி விட்டுவிடச் சொல்கிறேன். மனசைத் தேற்றிக்கொள்."

"நாலடியை வைத்து நான் என்ன செய்வது? திடலில் நட வேண்டுமென்றால் என்மேல்தான் நட வேண்டும். நான் எழுந்திருக்க மாட்டேன்."

யானைக்கு அப்படிப் பதில் கேட்டுப் பழக்கமில்லை. தும்பிக்கையில் மிச்சமிருந்த நீரை ஊற்றிவிட்டு ஓடைப் பக்கம் நடந்தது.

அன்று நண்பகலில் வெயில் சுட்டெரித்தது. துடுக்கி வயிற்றை நனைக்கக் குளத்துக்குப் போனது. இதற்காகவே காத்திருந்த வாலழகன் உடனே ஏழு காட்டுப்பன்றிகளைத் திடலில் இறக்கியது.

"சீக்கிரம், சீக்கிரம். அது திரும்பி வருவதற்குள் குழி விழுந்துவிட வேண்டும். தோண்டியதைப் பார்த்தால் தானாகப் போய்விடும்."

துடுக்கி திரும்பி வந்தபோது திடலெங்கும் மண் கிளறிக் கிடந்தது. முட்டைகளுக்கு நாலடி தள்ளித்தான் குழி போட்டிருந்தார்கள். ஆனால் ஒரு பன்றி பின்வாங்கும்போது அதன் குளம்பு பட்டு ஒரு முட்டை நசுங்கிப்போயிருந்தது.

துடுக்கி நசுங்கிய முட்டையோட்டைப் பார்த்தது. ஈரத்தோடு இருந்த வயிற்றை மெதுவாக மற்ற மூன்று முட்டைகள்மேல் வைத்து உட்கார்ந்தது. அந்தப் பன்றி தலை குனிந்தபடி, "பார்க்கவில்லை, கல் என்று நினைத்தேன்" என்றது.

"தெரியும். கல் மாதிரி இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. யாரும் தோண்ட வராதவரை" என்றது துடுக்கி.

வாலழகன் கொஞ்சம் தள்ளி நின்று சொன்னது: "போனது போகட்டும். இனிமேலாவது மூன்றையும் எடுத்துக்கொண்டு வேறு இடம் பார்."

"இங்கேதான் இருப்பேன். நாளைக்கு எல்லாரும் வாருங்கள். எல்லார் முன்னாலும் இங்கேதான் இருப்பேன்."

மறுநாள் காலை நிழற்சோலையே திடலில் கூடிவிட்டது. கரும்பாறை தும்பிக்கை நிறைய நீரோடு நின்றது. விருந்தாளியான வெளிமான் வேங்கை மரக்கன்று ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு வந்தது. மெலிந்த பெண்மான். வந்த நாளிலிருந்து அது யாரோடும் அதிகம் பேசவில்லை. மரங்களுக்குள் நடக்கும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தது.

முதல் குழி துடுக்கியின் முட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. துடுக்கி எழுந்து குழியின் விளிம்பில் நின்று இரண்டு சிறகுகளையும் விரித்தது. யானைக்கு முன்னால் அது அப்போதும் மிகச் சிறியதாகத்தான் தெரிந்தது.

"விலகு" என்றது வாலழகன்.

"மாட்டேன்."

"பாருங்கள், இது மரத்துக்கே எதிரி" என்று வாலழகன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது. சில விலங்குகள் ஆமாம் என்று தலையாட்டின. ஒரு குருவிக்கு இவ்வளவு பிடிவாதமா என்று முயல் ஒன்று முணுமுணுத்தது.

"நான் மரத்துக்கு எதிரியில்லை" என்றது துடுக்கி. அதன் குரல் திடல் முழுவதும் கேட்டது. "அந்தப் பக்கம் ஆயிரம் மரம் நட்டீர்கள். நான் ஒரு சொல் சொன்னேனா? இந்த ஒரு துண்டு என் வீடு. இங்கே நடலாமா என்று என்னை யார் கேட்டீர்கள்? ஒருவர் சொல்லுங்கள், போய்விடுகிறேன்."

முணுமுணுத்த முயல் யானையின் பின்னால் நகர்ந்துகொண்டது. துடுக்கி வெளிமானிடம் திரும்பியது.

"உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் ஏன் இங்கே ஓய்வுக்கு வந்தீர்கள்?"

வெளிமான் கன்றைத் தரையில் வைத்தது.

"ஓய்வுக்கு வரவில்லை. போக்கிடம் இல்லாமல் வந்தேன்" என்றது அது. "எங்களுடையது பெரிய புல்வெளி. ஒரு புறத்தில் நின்றால் மறுபுறம் ஓநாய் நடப்பது தெரியும். ஓடினால் எங்களை யாரும் பிடிக்க முடியாது. ஒருநாள் சிலர் வந்து, இடம் சும்மா கிடக்கிறதே என்று மரம் நட்டார்கள். கெட்டவர்கள் இல்லை. தினமும் தண்ணீர்கூட ஊற்றினார்கள். மரம் வளர்ந்தது, புல் செத்தது. ஓநாய் பக்கத்தில் வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. என் கூட்டத்தில் நான் ஒருத்திதான் மிச்சம்."

"இதை ஏன் நீ முன்பே சொல்லவில்லை?" என்று யானை கேட்டது.

"நீங்கள் நல்லவர்கள். சோறு போட்ட இடத்தில் குறை சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆனால் இந்தக் குருவி நிற்பதைப் பார்த்த பிறகு என்னால் இந்தக் கன்றை இங்கே நட முடியாது."

கரும்பாறையின் தும்பிக்கையிலிருந்து தண்ணீர் மெல்ல வழிந்து சரளையில் இறங்கியது. கிளறிக் கிடந்த மண்ணை யானை பார்த்தது. நசுங்கிய முட்டையோட்டையும் பார்த்தது.

"அப்படியானால் வழக்கம் என்னாவது?" என்று வாலழகன் பதறியது. "வந்தவர்கள் எல்லாம் எங்கே நடுவார்கள்?"

"பட்டுப்போன கன்றுகள் எத்தனை இருக்கின்றன? அவற்றின் இடத்தில் நடட்டும். இல்லையென்றால் இருக்கிற மரத்துக்குத் தண்ணீர் ஊற்றட்டும்" என்றது யானை. "இனிக் குழி தோண்டும் முன்னால் அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று நீயே போய்க் கேட்க வேண்டும். தரையில் ஊர்கிறதைக்கூட விடாமல் கேள். பன்றிகளே, குழிகளை மூடுங்கள்."

பிறகு துடுக்கியின் பக்கம் ஓரடி வைத்து, "என்மேல்தான் தப்பு" என்றது.

"ஆமாம், உங்கள் மேல்தான்" என்றது துடுக்கி. "அங்கேயே நில்லுங்கள் அம்மா. இன்னும் மூன்று முட்டை இருக்கிறது."

யானை முன்வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தது.

பன்றிகள் மூக்காலேயே மண்ணைத் தள்ளிக் குழிகளை மூடின. முட்டையை மிதித்த பன்றி கடைசிவரை நின்று சரளையைப் பரப்பியது. வெளிமான் அதன் பிறகு எங்கும் போகவில்லை. திடலின் புல்லை மேய்ந்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டது. முதல் நாள் அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நான்கு முறை காரணமில்லாமல் ஓடியது.

ஒன்பதாம் நாள் மூன்று குஞ்சுகள் பொரிந்தன. இறகு உலர்ந்ததும் எழுந்து வெட்டவெளியில் ஓடின.

நல்ல காரியமே ஆனாலும், அந்த இடத்தில் வாழ்பவரைக் கேட்காமல் அவர்மேல் திணித்தால் அது அநியாயம்; அதை எதிர்த்து நிற்க எவ்வளவு சிறியவருக்கும் உரிமை உண்டு.