ஜீப்புக்கு வந்த பயம்

மலைமேல் பலாத்தோப்பு வைத்திருந்த தவமலரிடம் ஒரு ஜீப் இருந்தது. அதற்குத் தன் இன்ஜின் மேல் அபார நம்பிக்கை. எதிரே லாரியே வந்தாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போகும்.

அந்தப் பலாப் பருவத்தில் தவமலர் பெரிய டிரெய்லர் ஒன்றை வாங்கி வந்தாள். பழம் அடுக்கி முடித்ததும் அது ஜீப்பைவிட இரண்டு மடங்கு கனத்தது.

"அம்மா, எனக்குன்னு தனியா ஒரு பிரேக் போட்டுடுங்க. நான் கனத்த உடம்புக்காரி" என்றது டிரெய்லர்.

தவமலர் யோசித்தாள். "பக்கத்துத் தோப்பு மாதேசன்கிட்ட டிராக்டரைக் கேட்டுப் பார்க்கட்டுமா?"

ஜீப்புக்குச் சுருக்கென்றது. "அந்த ஆமையையா? அது கீழே போய்ச் சேர்றதுக்குள்ள சந்தை கலைஞ்சுடும். இழுக்கிறதும் நானே, பிரேக் பிடிக்கிறதும் நானே. இவ பின்னால சும்மா வந்தாப் போதும்."

தவமலருக்கும் அவசரம். சரியென்று ஏறி உட்கார்ந்தாள்.

தோப்பிலிருந்து சாலைவரை ஏற்றம். ஜீப் அனாயாசமாக இழுத்தது. "பார்த்தியா?"

"பார்த்தேன்பா. ஆனா இறக்கம் இன்னும் வரலையே" என்றது டிரெய்லர்.

வந்தது. முதல் வளைவிலேயே முதுகில் ஓர் இடி.

"ஏய், தள்ளாதே!"

"நான் எங்க தள்றேன்? என் கனம் தள்ளுது!"

தவமலர் கியரைக் குறைத்தாள். பிரேக்கை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். கருகல் வாடை கிளம்பியது. பெடல் தொளதொளவென்று உள்ளே போனது. கீழே அடுத்த வளைவில் பஸ்ஸுக்குக் காத்திருந்த கூட்டம் தெரிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தாள். ஜீப் மண்சரிவில் உரசி, முனகி, மூக்கு புதைய நின்றது. பலாப்பழங்கள் சாலையெல்லாம் உருண்டன.

தவமலர் இறங்கினாள். சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது ஜீப்புக்கு.

சேதி கேட்டு மாதேசன் டிராக்டரில் வந்தான். "அக்கா, உங்களுக்கு அடி ஒண்ணும் படலையே?"

டிராக்டர் நேரே டிரெய்லரைப் பார்த்தது. "உன் பிரேக் எங்கம்மா?"

ஜீப் பள்ளத்தைப் பார்த்தது.

"பிரேக் போடாம இவளை நானும் இறக்க மாட்டேன்" என்றது டிராக்டர்.

"இவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு உனக்குமா பயம்?" என்றது ஜீப்.

"பயம்தான். அதனாலதான் இத்தனை வருஷமா இந்த மலையில ஓடிட்டிருக்கேன்."

அன்று பழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக டிராக்டரின் பின்னால் மாட்டியிருந்த, பிரேக் உள்ள சொந்தப் பெட்டியில்தான் இறக்கினார்கள். அதற்குள் பாதி சந்தை கலைந்துவிட்டது. மறுவாரம் டிரெய்லருக்குத் தனி பிரேக் வந்தது. அவளை இழுக்கும் வேலை டிராக்டருக்குப் போனது. ஜீப்புக்கு ஒரு குட்டி வண்டியைக் கொண்டுவந்து மாட்டினாள் தவமலர். கூடிப்போனால் பத்துப் பழம் பிடிக்கும்.

"அண்ணே, கிளம்பலாமா?" என்று குதித்தது குட்டி வண்டி.

"இரு, இரு" என்றது ஜீப். "உனக்கு நிக்கத் தெரியுமா? முதல்ல அதைச் சொல்லு."