அறுபது "யெஸ் சார்"

துறைத் தலைவரான பேராசிரியர் சிங்காரவடிவேலு இணையத்தில் வேதியியல் நடத்தினால், மறுபக்கம் ஊசி விழும் ஓசைகூடக் கேட்காது. நடுநடுவே "புரிஞ்சுதா?" என்பார். அறுபது பேரும் "யெஸ் சார்" என்று தட்டிவிடுவார்கள். அவர் மீசை பெருமையில் துடிக்கும்.

தற்காலிக ஆசிரியை அஞ்சலையின் வகுப்போ சந்தைக்கடை. ஆளாளுக்குச் சந்தேகம் கேட்பார்கள்.

"ஏம்மா, நீ நடத்துறது புரியாமத்தானே கேக்கறாங்க? நாளைக்குள்ள உன் வகுப்பும் என் வகுப்பு மாதிரி அடங்கணும். இல்லேன்னா வேற வேலை பாத்துக்க" என்றார் அவர்.

"ஆகட்டும் சார். இன்னிக்கு உங்க பக்கத்துல உக்காந்து கத்துக்கறேன். கம்ப்யூட்டரையும் நானே பாத்துக்கறேன்."

அமிலத்தையும் காரத்தையும் அவர் முக்கால் மணி நேரம் மோதவிட்டார். கடைசியில் விரலை உயர்த்தி, "புரிஞ்சுதா?" என்றார். அறுபது "யெஸ் சார்" மளமளவென்று திரையில் விழுந்தன. ஒருத்தி, "இன்னிக்கு ரொம்பத் தெளிவு சார்" என்றுகூட எழுதியிருந்தாள்.

"பாத்தியா?"

"பாத்தேன் சார். ஆனா மைக்கை நான் ஆரம்பத்துலயே அணைச்சுட்டேனே!"

மீசையின் துடிப்பு நின்றது.

"வெளியில சொல்லிடாதம்மா. உன் வேலைக்கு நான் பொறுப்பு. இனிமே நான் எப்படித்தான் கேக்கறது?"

"'புரிஞ்சுதா'ன்னு கேக்காதீங்க சார். 'என்ன புரிஞ்சுது'ன்னு கேளுங்க."

மறுநாள் மைக்கை மூன்று முறை சரிபார்த்துவிட்டுப் பாடம் நடத்தினார். முடிவில், "என்ன புரிஞ்சுது?" என்று கேட்டார்.

 அறுபது பேரும் ஒன்றுபோலத் தட்டினார்கள்:

"சார், உங்க மைக் வேலை செய்யலை."