கோட் போட்ட முதலாளி

என்னை முதலில் ஏய்த்தவன் கனகசபை. மற்றவர்கள் எல்லாம் அவனுக்குப் பின்னால்தான்.

நாங்கள் இருவரும் ஒரே நூற்பாலையில் வேலை பார்த்தவர்கள். மில்லைப் பூட்டி எங்களை நாற்பத்து மூன்று நாள் வாசலில் நிறுத்திய வருடம், சங்கத்தில் ஒரு தெரு நாடகம் போட்டோம். கனகசபை தொழிலாளி. நான் முதலாளி. கோட்டுப் போட்ட நான் பிரம்பை ஓங்க, அவன் கையால் தலையை மறைக்க, யாரோ அதைப் படம் எடுத்தார்கள்.

இப்போது சங்கத்துக்கு ஐம்பது வயது. சங்கக் கட்டிடத்தில் பழைய படங்களை மாட்டிக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தைக் கொடுத்தது கனகசபை. அதன் கீழே இப்படி எழுதியிருக்கிறது: 'போராட்ட காலத்தில் தோழர் கனகசபையைப் பிரம்பால் அடிக்கும் மில் முதலாளி.'

நாடகம் என்ற ஒரு வார்த்தையை அவன் சொல்லவில்லை. போன் போட்டுக் கேட்டேன். அவன் இப்போது டிவி தொடர்களில் நல்ல அப்பாவாக வருகிறான். படத்தில் இருப்பது நீங்கள்தானே என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன், உன்னைப் பற்றி யாரும் கேட்கவில்லையே என்றான். படப்பிடிப்புக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டான்.

அந்த நாற்பத்து மூன்று நாளில் பதினோரு நாள் நான் சிறையில் இருந்தேன். மில் திறந்தபோது திரும்ப எடுக்காத ஒன்பது பேரில் நானும் ஒருவன். அதற்குப் பிறகு லாரியில் மூட்டை ஏற்றித்தான் பிழைத்தேன். இன்றைக்கு டீக்கடைக்குப் போனால், "முதலாளிக்கு ஒரு டீ. சர்க்கரை வேண்டாம், அவர் குடிச்ச ரத்தமே இனிப்புத்தான்" என்கிறார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தப் படங்களை எல்லாம் மலராக அச்சடிக்கப் போகிறார்கள். சுவரில் இருப்பதை ஒரு நாள் கழற்றிவிடுவார்கள். புத்தகத்தில் ஏறிவிட்டால் நான் செத்த பிறகும் முதலாளிதான்.

சங்கச் செயலாளரிடம் போனேன். தினமும் யாராவது ஒரு திருத்தத்தோடு வருகிறார்கள், அச்சு நிற்கிறது, இனி ஒரே ஒரு பக்கம்தான் மாற்றுவது என்று கமிட்டி முடிவு எடுத்திருக்கிறது என்றார். அதற்கும் போராட்டத்தில் இருந்த இன்னொருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். கடிதத்தை அவரே எழுதிக் கொடுத்தார். பக்க எண்ணுக்கும் சரியான விவரத்துக்கும் இடம் விட்டிருந்தார். மறுநாள் சாயங்காலத்துக்குள் தர வேண்டும்.

கனகசபையை விட்டால், அந்த நாடகத்தைப் போட்டவர்களில் மிஞ்சியிருப்பது லூர்துமேரி தோழர் மட்டும்.

நூலைச் சிட்டம் போடும் ரீலிங் பிரிவில் வேலை பார்த்தவர். என்னைவிட நான்கு வயது இளையவர். எனக்கு அரசியல் சொல்லிக் கொடுத்தது அவர்தான். நாடகத்தை எழுதியதும் அவர்தான். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். சங்க வகுப்பில் முதல் நாள், வர்க்கம் என்றால் என்ன என்று கேட்டேன். ஷிப்ட் விடும்போது மில் வாசலில் நின்று, காவலாளி உடம்பைத் தடவிப் பார்க்காமல் எத்தனை பேரை வெளியே விடுகிறான் என்று எண்ணிக்கொண்டு வரச் சொன்னார். மறுநாள் வந்து, நான்கு பேர் என்றேன். சரி, உட்காருங்கள் என்றார். அவ்வளவுதான் பாடம்.

நான் போனபோது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கனகசபை செய்ததைச் சொன்னேன். அவன் முதலில் எனக்குச் செய்தது, நடுவில் செய்தது, எல்லாவற்றையும் சொன்னேன். நாடகத்தில் நல்ல வேடத்தை எடுத்துக்கொண்டு எனக்கு முதலாளி வேடத்தைத் தள்ளியதே அவன்தான் என்பதையும் சொன்னேன். உரித்த வெங்காயம் ஒரு கிண்ணம் நிறைந்தது.

"அந்தக் கோட்டு யாருது தோழர்?" என்று கேட்டார்.

"பேண்டு செட்டுக்காரங்ககிட்ட வாடகைக்கு எடுத்தது."

"எடுத்தது யாரு?"

"நான்தான்."

கையைக் கழுவிவிட்டுச் செருப்பை மாட்டினார். கண்காட்சிக்குப் போகலாம் வாங்க என்றார்.

பஸ்ஸில் அந்தக் கோட்டு எனக்கு நினைவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

எங்கள் முதலாளி கோட் போட்டவர் இல்லை. வெள்ளைக் கதர் வேட்டி, கதர்ச் சட்டை. மில்லுக்குள் செருப்பில்லாமல் நடப்பார். வயதான தொழிலாளியின் தோளில் கை வைத்து, மகளுக்குக் குழந்தை பிறந்துவிட்டதா என்று பேரைச் சொல்லி விசாரிப்பார். யாரையும் அடித்ததில்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. மில்லைப் பூட்டும் முன்தினம்கூட அப்படித்தான் விசாரித்துவிட்டுப் போனார்.

லூர்து தோழர் நாடகத்தை அப்படித்தான் எழுதியிருந்தார். வேட்டி கட்டி, மெதுவாகப் பேசி, சிரித்துக்கொண்டே கதவைப் பூட்ட வேண்டும். முதல் ஆட்டம் தொழிலாளர் குடியிருப்பில் நடந்தது. நான் வெள்ளை வேட்டியோடு கூட்டத்துக்கு நடுவில் நடந்து வந்தேன். முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த ராயப்பன் என்ற வயதான தொழிலாளி சட்டென்று எழுந்து நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்கள், இது நம்ம நஞ்சையன்யா, உட்காருய்யா என்று இழுத்தார்கள். அவர் உட்காரவில்லை. நாடகம் முடியும்வரை நின்றார். யாரும் கை தட்டவில்லை.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அடுத்த ஆட்டத்துக்கு யாரையும் கேட்காமல் கோட்டை எடுத்து வந்தேன். கூலிங்கிளாஸ், சுருட்டு, பிரம்பு. அப்போது வந்த சினிமாக்களில் வில்லன்கள் எப்படிச் சிரிப்பார்களோ அப்படிச் சிரித்தேன். ஒரே விசில். கல்கூட விழுந்தது. அதற்குப் பிறகு அறுபது ஆட்டமும் கோட்டோடுதான். லூர்து தோழர் ஒரே ஒரு முறை, நம்ம ஆளு கோட்டுப் போடமாட்டாரே என்றார். இப்படிப் போட்டால்தான் ஜனங்களுக்கு முதலாளி என்று தெரிகிறது என்றேன்.

சங்கக் கட்டிடத்தில் நான் நேராகக் கடைசிச் சுவருக்கு நடந்தேன். என் படம் அங்கே இருக்கிறது. மூலையில் முப்பத்தொன்று என்று பக்க எண் ஒட்டியிருந்தார்கள். கடிதத்தில் அதை நிரப்பிக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று திரும்பினால், பின்னால் அவர் இல்லை.

வாசலை ஒட்டி மாட்டியிருந்த முதல் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் திரும்பி வந்தேன்.

மில் கேண்டீன் திறந்த நாள் எடுத்த படம். தரையில் வரிசையாக இலை போட்டுச் சாப்பிடுகிறார்கள். நடுவில் எங்கள் முதலாளி, கதர் வேட்டியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து இலைக்காரர் தோளில் ஒரு கை. கீழே எழுதியிருந்தது: 'தொழிலாளரோடு தொழிலாளராக அமர்ந்து உண்ணும் சங்க முன்னோடி.' மூலையில் பதினான்கு. சட்டத்தில் யாரோ ஒரு செம்பருத்தியைச் செருகியிருந்தார்கள்.

வாசல் மேசையில் இருந்த பெண்ணை லூர்து தோழர் விசாரித்தார். செத்துப்போன ஒரு தொழிலாளி வீட்டில் மாட்டியிருந்த படம், வேட்டியையும் தரையில் உட்கார்ந்திருப்பதையும் பார்த்து நாங்களே எழுதினோம், ஏன் தப்பா என்று அந்தப் பெண் கேட்டாள்.

லூர்து தோழர் என் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு முன்னாடி எத்தனை தடவை இங்க வந்தீங்க?"

"மூணு தடவை."

"இந்த வழியாத்தானே வந்தீங்க?"

உள்ளே போக வேறு வாசல் கிடையாது. நான் கடிதத்தை எடுத்து நீட்டினேன். ஒரு பக்கம்தான் மாற்றுவார்கள் என்பதை மறுபடியும் சொன்னேன். அவர் படித்தார். எண்ணுக்கு விட்டிருந்த இடத்தைக் காலியாகவே விட்டு, கீழே கையெழுத்தைப் போட்டார். பேனாவையும் கடிதத்தையும் என்னிடமே கொடுத்தார்.

"நம்பரை நீங்க எழுதுங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இந்த ஆள் செத்து முப்பது வருடம் ஆகிறது என்றேன். அவரை யார் எப்படி நினைத்தால் என்ன, நான் உயிரோடு இருக்கிறேன், டீக்கடைக்குப் போக வேண்டியவன் நான் என்றேன். பதினோரு நாளையும் ஒன்பது பேரையும் எடுத்துச் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ஒன்றையும் மறுக்கவில்லை.

அப்போது சீருடை போட்ட ஒருவர் உள்ளே வந்தார். ஏதோ கம்பெனியின் காவலாளி, முப்பது வயதுகூட இருக்காது. முதல் படத்தின் முன் நின்றார். எழுத்துக் கூட்டிக் கீழே இருந்ததைப் படித்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, தொப்பியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கை கூப்பினார்.

லூர்து தோழர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு எழுந்து நின்ன ராயப்பன் இன்னும் உட்காரல தோழர்" என்றார்.

அந்த மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனார். மேசையில் கடிதத்தை வைத்துப் பதினான்கு என்று எழுதினேன். சரியான விவரம் என்ற இடத்தில், 'இவர்தான் மில்லைப் பூட்டியவர்' என்று எழுதினேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது. லூர்து தோழர் வாங்கிப் பார்த்துவிட்டுச் செயலாளரிடம் கொடுத்தார்.

மலர் வந்துவிட்டது. பதினான்காம் பக்கத்தில் நான் எழுதியபடியே இருக்கிறது. முப்பத்தோராம் பக்கத்தில் நான் பிரம்போடு நிற்கிறேன். மில் முதலாளி என்றுதான் போட்டிருக்கிறது. அப்படியானால் முதலாளி இரண்டு பேரா என்று டீக்கடையில் கேட்கிறார்கள். ஒருவர் பூட்டினவர், ஒருவர் அடித்தவர், கூட்டு வியாபாரம் என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொள்கிறார்கள். வெளியீட்டு விழாவில் கனகசபை மேடையில் உட்கார்ந்து சால்வை வாங்கிக்கொண்டான். கீழே இருந்த என்னைப் பார்த்துக் கையசைத்தான். நாடகம் என்ற வார்த்தையை அன்றைக்கும் அவன் சொல்லவில்லை.

விழா முடிந்து லூர்து தோழரோடு பஸ்ஸுக்கு நின்றேன். அவன் எனக்கு ஒரு வார்த்தை பாக்கி என்றேன். இதை எல்லாம் மறந்துவிடுங்கள் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொன்னால் திருப்பிச் சொல்ல ஒரு பதிலையும் தயாராக வைத்திருந்தேன்.

"பாக்கிதான் தோழர்" என்றார். "விட்டுடாதீங்க."